மூங்கில் காலும் செவிட்டுக் குதிரையும்

என் வயதை ஒத்தவர்களே, நாம் கூடினால் முழங்காலைப் பற்றித்தான் பேச்சு எழுகிறது. உங்களுக்கு வலிப்பதற்கு இரண்டு முழங்கால்கள் இருக்கின்றன, எனக்கு ஒன்றுதான். இடக்கால் மூன்று வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் ஓய்ந்துவிட்டது, ஓய்ந்தது வலிப்பதில்லை. ஆகவே உங்களைவிட நான் பாதியளவு நலமாக இருக்கிறேன். அந்த ஒற்றைக் காலோடு ஒரு கோடையில் நான் குதிரையேறக் கற்றதையும், அதனினும் அரிய செய்தியாக, ஒரு குதிரை என்னைப் போன்ற ஒருவனைச் சுமக்கக் கற்றதையும் சொல்கிறேன்.

ஜமீன்கள் ஒழிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை ஓரத்தில் அப்பாவுக்கு மரக்கடை. முன்புறம் கல்லாவும் பலகை அடுக்குகளும். பின்புறம் ஒரு பெரிய களம். செங்கோட்டை மலைப்பக்கத்திலிருந்து வந்த தேக்கும் வேங்கையும் அக்களத்தைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டு மதில்போல் நிற்கும். களத்தின் ஒரு மூலையில் அறுப்புக்காரர்கள் மேலும் கீழுமாக நின்று ரம்பம் இழுப்பார்கள். எங்கள் சோற்றிலும் தலையணையிலும் மரத்தூள் இருந்தது. மழைக்காலத்தில் ஈரத்தேக்கின் கசந்த மணம் வீடு முழுவதும் பரவியிருக்கும். இன்றும் புதிய கதவொன்றை முகர்ந்தால் எனக்குப் பசிக்கிறது.

வடக்கே ஒரு ஜமீன் மாளிகையைப் பிரித்தபோது அதன் தூண்களை அப்பா விலை பேசினார். பேரம் முடியாமல் இழுத்தது. மாளிகைக் கணக்கர், லாயத்தில் எஞ்சியிருந்த ஒரு குதிரையையும் அதன் சேணத்தையும் தூண்களோடு சேர்த்துத் தள்ளிவிட்டார். தூண்கள் இரண்டு வண்டிகளில் வந்தன. பின்வண்டியின் வாலில் கட்டப்பட்டுக் குதிரை வந்தது. செந்நிறம், நெற்றியில் விரல் வைத்து எழுதியதுபோல் ஒரு வெள்ளைக் கீற்று. இளமை கடந்திருந்தது, தளரவில்லை. குற்றாலத்துச் சாரல் பருவத்தில் வண்டியில் பூட்டி வாடகைக்கு விடலாம் என்பது அப்பாவின் எண்ணம்.

பழக்கிப் பார்க்க வந்தவர் தென்காசி இரயிலடியில் வண்டி ஓட்டும் பாய். அவர் குதிரையை வண்டியில் பூட்டினார். "ஹை" என்றார், நாக்கைத் தட்டினார், சாட்டையைக் காற்றில் சொடுக்கினார். குதிரை தூண்களோடு தூணாக நின்றது. அதன் பின்புறம் போய் ஓலைவெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார். அறுப்புக்காரர்கள் காதைப் பொத்தினார்கள். வேலியில் இருந்த காகங்கள் ஊரைவிட்டே போயின. குதிரை ஈயை ஓட்ட வாலை ஒருமுறை வீசியது.

"அண்ணாச்சி, இதுக்குக் காது அவிஞ்சு போச்சு," என்றார் பாய். "தூணுக்குக் குடுத்த காசுல இதையும் ஒரு தூணுன்னு நெனச்சு நட்டு வச்சிருங்க."

"ஜமீன்ல நின்ன குதிரை வே. மரியாதையாப் பேசும்," என்றார் அப்பா.

"நீங்க மரியாதையாத்தான் பேசிப் பாருங்களேன். அதுக்கும் கேக்காது."

அன்று முதல் அறுப்புக்காரர்கள் அதைச் 'செவிடன்' என்றே அழைத்தார்கள். சுரண்டைச் சந்தையில் யாராவது கேட்டால் தள்ளிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார்.

இதே கோடையில்தான் என் படிப்பும் முட்டுச்சந்துக்கு வந்திருந்தது. ஐந்தாம் வகுப்புவரை பள்ளி எங்கள் தெருவிலேயே இருந்தது. சின்ன மாமா என்னைத் தோளில் கொண்டுபோய் இறக்குவார். இப்போது அவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். ஆறாம் வகுப்பான முதல் பாரம் சேர வேண்டுமானால் தென்காசிக்குப் போக வேண்டும். நாள்தோறும் குதிரை வண்டி அமர்த்தலாமே என்பீர்கள். பள்ளி திறப்பது ஜூன். குற்றாலத்தில் அருவி விழத் தொடங்குவதும் ஜூன். அம்மாதத்தில் இரயிலடிக்கும் அருவிக்கும் இடையே ஓடாத வண்டி ஒன்றுகூட எங்கள் வட்டாரத்தில் கிடையாது. பள்ளிப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கும் வண்டிக்காரரும் கிடையாது. அப்பாவுக்கும் கடையை விட்டுவிட்டு நாள்தோறும் மிதிவண்டியில் கொண்டுவிட இயலாது.

அப்பா எனக்கு நல்லதுதான் நினைத்தார். "பள்ளிக்கூடத்துக்குக் காலு வேணும்லே. கல்லாவுக்கு வேண்டாம். உக்காந்து கணக்குப் பாரு, ஒனக்கு ஒரு கொறையும் வராது," என்றார். இன்று எண்ணும்போது, அவர் என் காலை அளந்தாரேயன்றி என் ஆவலை அளக்கவில்லை என்று தோன்றுகிறது. எனக்குப் படிக்க வேண்டும்; அதுவும் எவர் தோளிலும் ஏறாமல் போய்ப் படிக்க வேண்டும். களத்தில் நின்ற குதிரையைக் காட்டினேன்.

"நான் இதுல போறேன்."

அப்பா சிரித்தார், அறுப்புக்காரர்களும் ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நான் சிரிக்காததைக் கண்டு அப்பாவின் முகம் மாறியது. "சரி. பள்ளிக்கூடத்துல சேக்கிற அன்னைக்கு, எவனும் கடிவாளத்தைப் பிடிக்காம, இந்தச் செவிடன் ஒன்னைப் பள்ளிக்கூட வாசல்ல கொண்டு விடட்டும். சேத்து விடுதேன். இல்லன்னா கல்லா. அதுக்கப்புறம் பேச்சு கெடையாது," என்றார்.

அக்காவைப் பற்றி இனி நான் சொல்லியாக வேண்டும். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தென்காசிப் பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் முதலாவதாக வந்த ஆண்டே அவள் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டாள். அதற்குக் காரணம் கேட்கும் வழக்கம் அன்று எங்கள் வீடுகளில் இல்லை. குதிரைக்குக் காணம் அவித்துக் கொட்டும் வேலை அவளுடையது. கொள்ளு என்று பிற ஊரார் சொல்வதைத்தான் நாங்கள் காணம் என்போம்.

ஒருநாள் காலை அடுக்களைக்குள்ளிருந்து அவள் காணப் பானையின் மூடியை மெல்லத் தூக்கினாள். நான் களத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். ரம்பம் இரைந்துகொண்டிருந்தது. அவ்விரைச்சலுக்கிடையே, நாற்பது முழம் தள்ளி நின்ற செவிட்டுக் குதிரையின் இரண்டு காதுகளும் அடுக்களைப் பக்கம் திரும்பின.

"அக்கா, இன்னொரு வாட்டி மூடு," என்றேன்.

மூடினாள், திறந்தாள். காதுகள் போயின, வந்தன. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நெடுநேரம் குதிரையைப் பார்த்தாள்.

"இவன் செவிடன் இல்ல," என்றாள். "யாரு கத்துனாலும் நமக்கில்லன்னு நிக்கான். யாரோ அப்படிப் பழக்கியிருக்காங்க."

அது உண்மை என்பது பின்னர் வெளிப்பட்டது. ஜமீனில் திருவிழா ஊர்வலத்துக்கு முன்னே முரசு சுமந்து நின்ற குதிரை அது. முதுகின் இருபுறமும் முரசு அதிர, தலைக்கு மேல் வாணம் வெடிக்க, கூட்டம் கூவ, அசையாமல் நிற்கவும், முதுகில் இருப்பவனின் உடல் சொல்வதை மட்டும் கேட்டு நடக்கவும் அதற்குக் கற்பித்திருந்தார்கள். பாய் கொளுத்திய ஓலைவெடி அதற்கு ஒரு பொருட்டா? ஆனால் அவ்வுடல்மொழி என்ன என்பதை எங்களுக்குச் சொல்வதற்கு ஒருவரும் இல்லை. நாங்களே துழாவிக் கண்டோம்.

அம்மா ஒரு நிபந்தனையோடு அக்காவைக் குதிரையின் பக்கம் விட்டாள்: மர அடுக்குகளுக்கு வெளியே தலை தெரியக் கூடாது.

முதல் தடை ஏறுவதில் வந்தது. எந்தக் குதிரையும், ஒருவர் இடப்பக்கம் நின்று, சேணத்தில் தொங்கும் அங்கவடியில் இடக்காலை மாட்டி ஏறுவதற்கே பழகியிருக்கும். என் இடக்கால் எதையும் தாங்காது. வலப்பக்கமாகப் போனால் குதிரை ஓரடி விலகும். மறுபடி போனால் மறுபடி விலகும். முறை தவறி ஏறினால் குதிரை கெட்டுப்போகும் என்று பாய் சொல்லியிருந்தார்; அப்பாவும் அதையே சொன்னார். அம்மா முறத்தில் அரிசி புடைத்தபடி நிமிராமல், "வீட்டுக்கு வார மருமவளையே வலது காலை வச்சு வான்னுதான் சொல்லுதோம். குதிரைக்கு மட்டும் என்ன இடது காலு?" என்றாள்.

அக்கா குதிரையைத் துரத்தவில்லை. அது விலகினால் அவளும் அதனோடு நடந்து, வலப்பக்கமே நின்றாள். அது விலகாமல் நின்ற நொடியில் உடனே பின்வாங்கி அதனைத் தனியே விட்டாள். நின்றால் அமைதி, விலகினால் தொல்லை. சில காலைகளிலேயே குதிரை கணக்கைப் புரிந்துகொண்டது. பிறகு ஒரு வேங்கைக் கட்டையை வலப்பக்கம் படியாக இட்டோம். ஒருநாள் நான் அதன்மேல் நின்று, வலக்காலை அங்கவடியில் ஊன்றி, செயலற்ற இடக்காலைக் கையால் தூக்கி அப்புறம் போட்டு உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் முதன்முறையாக அப்பாவின் தலையுச்சியைப் பார்த்தேன். அங்கே வழுக்கை விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த தடை இன்னும் பெரிது. வலக்கால் அழுத்தினால் குதிரை இடப்புறம் ஒதுங்கும். இடக்கால் அழுத்தினால் வலப்புறம் ஒதுங்கும். இரண்டும் சேர்ந்து அழுத்தினால் நேரே நடக்கும். என்னிடம் அழுத்துவதற்கு ஒரு காலே இருந்தது. எனவே குதிரை களத்தில் இடப்புறமாகவே வட்டமிட்டது. மரம் வாங்க வந்த பாய் இதைப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, நடுவுல ஒரு செக்கு உரலைப் போட்டு எள்ளைக் கொட்டிரு. எண்ணெயாவது மிஞ்சும்."

"எள்ளு நீங்க கொண்டு வாங்க பாய்," என்று அக்கா அடுக்குக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "பிண்ணாக்கு ஒங்க குதிரைக்கு."

அன்று மாலை அவள் கழிவு மூங்கில்களிலிருந்து முழங்கை நீளத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நுனியில் தேங்காய் நாரைப் பொதிந்து, தன் பழைய நீலத் தாவணித் துணியால் குதிகால் பருமனுக்குச் சுற்றிக் கட்டினாள். கடிவாளம் என் வலக்கையில், மூங்கில் இடக்கையில். வலக்கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவே மூங்கிலும் அழுத்த வேண்டும். அடிக்கக் கூடாது, தட்டவும் கூடாது. ஒரு காலைப்போல் சாய்ந்து நிற்க வேண்டும். முதல் நாள் குதிரை திகைத்தது. அதன் இடக்காது மூங்கிலின் மேலேயே இருந்தது. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, அது களத்தின் நடுவே ஒரு நூல் பிடித்ததுபோல் நேராக நடந்தது. அந்த நீலத் தாவணித் துண்டு எந்தக் குப்பையில் போயிற்றோ அறியேன். பிற்காலத்தில் எனக்கு இரும்பும் தோலுமாகக் கால்கருவி செய்து மாட்டினார்கள். அது அந்த மூங்கிலைப்போல் எனக்குச் சொந்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.

நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்தது ஒரு தும்மல். எதையும் எனக்குச் சொல்லித்தரும் முன் அக்காவே களத்துக்குள் ஏறிப் பார்ப்பாள். மரத்தூள் மிகுந்த ஒரு நாளில் அவள் சவாரி செய்துகொண்டிருந்தாள். திடீரென்று குதிரை நின்றது. பிறகுதான் அவள் தும்மினாள். சற்றுப் போனதும் மீண்டும் நின்றது, மீண்டும் தும்மல். தும்மல் வருவதைக் குதிரை எப்படி முன்னறிந்தது என்று வியந்தோம். பிறகு அவளே கண்டுகொண்டாள்: தும்முவதற்கு முன் மூச்சை அடக்குகிறாள், உடல் இறுகிக் கனக்கிறது, அதுதான் ஜமீன் குதிரைக்கு 'நில்' என்னும் சொல். அதன்பின் நாங்கள் கடிவாளத்தை இழுத்ததே இல்லை. கேட்பதை முதலில் மெல்லக் கேட்பது, அது செய்த கணமே அழுத்தத்தை எடுத்துவிடுவது, ஒரு காதாவது நம் பக்கம் திரும்பிய பின்னரே அடுத்ததைக் கேட்பது. இவ்வளவே அக்காவின் முறை.

"இடங் குடுத்தா தலைக்கு மேல ஏறும்," என்றார் அப்பா.

"அவன் ஏறலப்பா. நாமதான அவன் மேல ஏறுதோம்," என்றாள் அக்கா.

மே மாத இறுதியில் குற்றாலத்துப் பருவக் கடைகளுக்குப் பலகையும் கழியும் ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டிகள் புறப்பட்டன. "குதிரையேறிப் பின்னால வாலே. இப்பவே தெரிஞ்சு போவும்," என்றார் அப்பா. அக்கா வரவில்லை, வர இயலாது. மேற்கே மலையை மேகம் மூடியிருந்தது. முன்னதாகவே சாரல் தூவத் தொடங்கிவிட்டது. காற்றில் நல்லெண்ணெயும் சீயக்காயும் மணத்தன. அருவியின் ஓசை காதில் விழுவதற்கு முன்னமே நெஞ்சில் அதிர்ந்தது. கடைத்தெரு வளைவில், பாயின் வண்டிக் குதிரை எதையோ கண்டு மிரண்டு, வண்டியோடு என்னை நோக்கி வந்தது. பாய் அதனை இழுத்து ஒதுக்கிவிட்டார்; ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் குதிரை நடுத்தெருவில் நின்றுவிட்டது. மூங்கிலை அழுத்தினேன், காலை அழுத்தினேன், நகரவில்லை. பின்னால் மாட்டுவண்டிகள் தேங்கின. வண்டிக்காரர்கள் என் குலத்தையே வாழ்த்தினார்கள். இறுதியில் அப்பா கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். வீடு வந்ததும், "செவிடன்னு நெனச்சேன், மொண்டியாவும்லா இருக்கான்," என்றார். சொன்ன பின்புதான், முரண்டு பிடிப்பவனுக்கும் நொண்டிக்கும் பொதுவான அச்சொல் யார்மேல் விழுந்தது என்று உணர்ந்தார்போலும். சட்டென்று கல்லாப் பக்கம் போய்விட்டார்.

நான் அழுதேன். அக்கா நடந்தவற்றை ஒன்றுவிடாமல் கேட்டாள்.

"அந்தக் குதிரை வரும்போது நீ மூச்சு விட்டியாலே?"

நான் யோசித்தேன். விடவில்லை. அதன் பின்பும் நெடுநேரம் விடவில்லை.

"அப்போ அவன் தானா நிக்கல. நீதான் நிறுத்தியிருக்க. நீ நில்லுன்னு சொல்லிக்கிட்டே காலை வச்சு நடன்னு அமுக்குனா அவன் எதைக் கேப்பான்?"

பயத்தை ஒழிக்கும் வழி எங்களுக்குத் தெரியவில்லை. மூச்சை ஓடவிடும் வழி தெரிந்தது. வாய்பாடு சொல்பவனால் மூச்சை அடக்க முடியாது. அன்று முதல் நான் பதின்மூன்றாம் வாய்பாட்டை முணுமுணுத்தபடி களத்தைச் சுற்றினேன். அக்கா எதிர்பாராத வேளையில் தகரத்தைத் தட்டுவாள், சாக்கை உதறுவாள், அறுப்புக்காரர்களை ஏவிப் பலகையைக் கீழே போடுவாள். குதிரையை அவள் பழக்கவில்லை, அதற்குத் தேவையில்லை. என்னைப் பழக்கினாள்.

பள்ளியில் சேரும் நாளும் வந்தது. சாரல் வலுத்திருந்தது. வேங்கைக் கட்டையிலிருந்து ஏறினேன். அக்கா அடுக்குகளின் இடைவெளிவரை கூட நடந்து வந்து, அங்கேயே நின்றுகொண்டாள். அப்பா மிதிவண்டியில் பின்தொடர்ந்தார்.

தென்காசிக் கடைத்தெருவில் பருவக் கூட்டம் நெரிந்தது. இரயிலடியிலிருந்து வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. எதிரே ஒரு பேருந்து ஊதுகுழலை அலறவிட்டபடி திரும்பியது. ஒரு வண்டிக் குதிரை முன்கால்களைத் தூக்கியது. பின்னாலிருந்து அப்பாவின் குரல் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு எழுந்தது: "ஏலே, நிறுத்து. போதும்லே, எறங்கு. நான் பிடிச்சுக்கிடுதேன்."

அவர் குரலில் சினம் இல்லை, அச்சம் இருந்தது. நான் "ஏழு பதின்மூன்று தொண்ணூற்று ஒன்று" என்றேன். குதிரையின் ஒரு காது என் பக்கம் திரும்பியிருந்தது. காலையும் மூங்கிலையும் ஒருசேரச் சாய்த்தேன். பேருந்துக்கும் பூக்கடைக்கும் இடைப்பட்ட ஒரு சந்தில் அது நுழைந்து, நடை மாறாமல் அப்பால் போயிற்று.

பள்ளி முகப்புப் படியருகே மூச்சை அடக்கினேன்; நின்றது. அப்பா மிதிவண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கைகளை நீட்டியபடி ஓடி வந்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, வலப்பக்கமாகப் படியில் இறங்கினேன்.

தாழ்வாரத்தில் நின்று பார்த்த தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட்டத்துல இவ்வளவு நிதானமா ஒரு குதிரையை நான் பாத்ததில்ல. யார் பழக்கினது?"

"நம்ம பையந்தான் சார். விடாப்பிடிக்காரன்," என்றார் அப்பா. அவர் குரலில் அப்படியொரு பெருமிதத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அக்கா பழக்குனா சார்," என்றேன் நான்.

"அப்படியா? அந்தப் பொண்ணு எந்த வகுப்புல படிக்குது?"

அப்பா தம் தோள்துண்டை எடுத்து முகத்து ஈரத்தைத் துடைத்தார்.

"வீட்டுல இருக்கா சார்."

"வீட்டுலயா," என்றார் தலைமையாசிரியர். பிறகு என்னை உள்ளே அழைத்துப்போய்ச் சேர்த்துக்கொண்டார்.

திரும்பும்போது அப்பா மிதிவண்டியில் ஏறவில்லை. அதை உருட்டிக்கொண்டு குதிரையின் பக்கத்திலேயே நடந்து வந்தார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். முதலில் குதிரையின் வயிற்றுவாருக்குள் விரலைவிட்டு, தோல் உரசிப் புண்ணாகியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"எங்கயும் நின்னானா?"

"நான் சொன்ன எடத்துல நின்னான். சேத்தாச்சு."

அவள் என் தலையில் ஓங்கிக் குட்டினாள். அது எங்கள் வீட்டு வாழ்த்து. நான் இறங்கியபின் தலைமையாசிரியர் கேட்டதையும் சொன்னேன்.

"அப்பா என்ன சொன்னாங்க?"

"வீட்டுல இருக்கான்னாங்க."

அவள் என் உயரத்துக்குக் குறுக்கியிருந்த அங்கவடி வாரை அவிழ்த்துத் தன் உயரத்துக்கு நீட்டினாள். பாவாடையை வரிந்து செருகிக்கொண்டு, குதிரைக்குப் பழகிப்போன வலப்பக்கமாகவே ஏறினாள். களத்தைச் சுற்றுவாள் என்று நினைத்தேன். அவள் மர அடுக்குகளின் இடைவெளி வழியே குதிரையைத் திருப்பி, பலகைகளைக் கடந்து, கல்லாவைக் கடந்து, வாசலைத் தாண்டிப் பெருஞ்சாலையில் ஏறினாள். ஆய்க்குடிப் பக்கம் திரும்பியதும் குதிரை நடையை மாற்றிப் பெருநடை போட்டது. சாரலில் அவள் முதுகு நேராக இருந்தது.

அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். ரம்பம் பாதி மரத்தில் நின்றுவிட்டது. எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் கூப்பிட்டால் அந்தக் குதிரை நிற்காது, அவள் நிற்பாள். அது அவருக்கும் தெரியும். மிதிவண்டியின் கைப்பிடியைப் பற்றியபடி, சாலை வளைவில் அவள் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அறுப்புக்காரர்களின் பக்கம் திரும்பினார்.

"என்னலே பாக்கிய? அறுங்கலே."